முப்பிடாதி வாசிக்கிறாள்

ஜூலை 3, திங்கள்

இன்றும் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்றால்தான் சிக்னல் வருகிறது. வெயிலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பதிந்து முடித்தேன்.

ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். மூன்று வகுப்பும் ஒரே அறையில். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் ஞானதுரை சாரிடம். இந்தப் பள்ளியில் நாங்கள் இருவர்தான். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, செயலியில் நிலை குறிக்க வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்தால் அரும்பு, சொல் கூட்டத் தெரிந்தால் மொட்டு, பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தால் மலர். எழுதுவதற்கும் கணக்குக்கும் இதேபோல நிலை உண்டு. மாவட்டத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துத்தான் எந்தப் பள்ளிக்கு என்ன உதவி என்று முடிவு செய்கிறார்களாம். செய்யட்டும்.

பள்ளியைச் சுற்றி விசைத்தறிக் கொட்டகைகள். காலையில் ஓட ஆரம்பித்தால் தரையே அதிரும். அதனால் இந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. மாறுதல் வாங்கி இங்கே வந்தது ஒருவகையில் எனக்கு நல்லதாகப் போயிற்று. பழைய பள்ளியில் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்கள்.

கடைசியாக மூன்றாம் வகுப்பு முப்பிடாதி. புத்தகத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் வாசித்தாள். உதடு எங்கேயும் தடுக்கவில்லை. மலர் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தால் குழைந்து களியாகிவிட்டது. குக்கரில் விசில் சரியாக வருவதில்லை. வெயிட் மாற்ற வேண்டும்.

ஜூலை 6, வியாழன்

வெளி மதிப்பீடு. பி.எட். படிக்கும் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆசிரியர்கள் பதிந்தது சரிதானா என்று பார்க்க, மாவட்டம் முழுக்க இப்படி அனுப்புகிறார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சைக்கிள் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொன்னார்கள். சின்னப் பெண்கள்தான், ஆனால் முகத்தில் பெரிய அதிகாரி தோரணை.

அதில் ஒருத்தி என்னிடம் வந்து ஏதோ கேட்டாள். ஆமாம்மா, ரொம்ப நல்ல பிள்ளைகள் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்டாளாம். ஞானதுரை சார் சொல்லிச் சிரித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பல்லுக்குள்ளேயே பேசினால் நான் என்ன செய்ய?

ஜூலை 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் மதி பேசினாள். வேலையா இருக்கேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையுமா என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் கோபம் வரும். சரிம்மா, நல்லது, அப்புறமா பேசு என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. டவர் போயிருக்கும்.

மாவு அரைத்தேன். முழங்கால் வலி.

ஜூலை 14, வெள்ளி

டிவி சத்தத்துக்காக வீட்டுக்காரரோடு சண்டை. வயதாக ஆக இவருக்கு எதையும் தாங்க முடியவில்லை.

ஜூலை 19, புதன்

மனசு சரியில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மதியம் ஞானதுரை சார் கூப்பிட்டு, மாவட்டத்திலிருந்து வந்திருந்த அட்டவணையைக் காட்டினார். ஒரு பக்கம் நான் பதிந்தது, எதிரே அந்தப் பெண்கள் பதிந்தது. வாசிப்பில் என் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நான் மலர் போட்டிருக்கிறேன். அவர்கள் அநேகமாக எல்லோருக்கும் அரும்பு போட்டிருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் இவ்வளவு வித்தியாசம் வேறு எந்தப் பள்ளியிலும் இல்லையாம். தவறான பதிவுக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது.

"எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவாங்க டீச்சர். நீங்க ஒரேயடியா போட்டுட்டீங்க" என்றார்.

"நான் பொய்யா எதுவும் போடல சார்."

"நான் அப்படிச் சொல்லல. கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. எச்சரிக்கையோட முடிஞ்சிரும். இன்னும் கொஞ்ச வருசம் சர்வீஸ் இருக்கு, எதுக்கு வம்பு?"

அவர் என் முகத்தைப் பார்த்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்ததுதான் வேதனையாக இருந்தது.

முன்பின் தெரியாத ஆட்கள் உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளைகள் மிரளத்தான் செய்யும். இதை யாரிடம் சொல்ல?

ஜூலை 21, வெள்ளி

வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ரஹ்மத் நிஷா வந்தார். பின்தங்கிய பள்ளிகளுக்கு வந்து வழிகாட்டுவது அவர் வேலை. முப்பது சொச்சம் வயதிருக்கும். திட்டப்போகிறார் என்று நினைத்து மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க. எழுதுறதுல நீங்க போட்டதும் அவங்க போட்டதும் அப்படியே ஒண்ணா இருக்கு. கணக்குலயும் ஒண்ணு. வாசிக்கிறதுல மட்டும்தான் தப்புது. பொய் போடுறவங்க எல்லாத்துலயும்தான் போடுவாங்க."

"அப்ப நான் பொய் சொல்லலைன்னு தெரியுதுல்ல?"

"தெரியுது. ஆனா ஏன் இப்படி ஆகுதுன்னுதான் தெரியல."

தறிச் சத்தம் என்றேன். அந்தப் பெண்கள் பிள்ளைகளைச் சைக்கிள் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கேட்டார்கள், நான் இந்த இரைச்சலுக்கு நடுவில் கேட்கிறேன், வித்தியாசம் வராதா? அவர் யோசித்தார்.

"செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகப் பகல் பூரா கரண்ட் கிடையாது. தறி ஓடாது. அன்னைக்கு வாரேன். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கேப்போம்."

நல்லதாகப் போயிற்று என்றேன். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. போகும்போது வாசலில் நின்று அவர் ஏதோ சொன்னார். தலையாட்டினேன்.

ஜூலை 25, செவ்வாய்

காலடியில் அதிர்வு நின்றபோதுதான் தறிகள் நின்றுவிட்டன என்று தெரிந்தது. பிள்ளைகள் சன்னலைப் பார்த்தார்கள். நிஷா கடைசி வரிசையில், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

இரண்டு மூன்று பேரை வாசிக்கவைத்தேன். பிறகு முப்பிடாதியைக் கூப்பிட்டேன். என் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவள் அவள்தான் என்று நிஷாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். வழக்கம்போலப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து ஆரம்பித்தாள்.

தறி ஓடவில்லை. மின்விசிறி ஓடவில்லை. தெருவில் வண்டி இல்லை. அவள் என்னிடமிருந்து இரண்டு முழ தூரத்தில் நின்றாள். அவளுடைய குரல் ஒரு முனகலாக மட்டும் எனக்கு வந்தது. ஒரு சொல்கூடப் பிரியவில்லை. உதடு மட்டும் தடங்கலில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன். முயலும் குளமும் பாடம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

"நல்லா வாசிச்ச. உக்காரு" என்றேன். வேறென்ன சொல்வது?

நிஷா எழுந்து வந்து என் எதிரே நின்றார்.

"டீச்சர், அவ வாசிக்கல."

"என்ன சொல்லுதீங்க?"

"அவங்க தெருவுல இருக்குறவங்க பேர வரிசையா சொல்லிக்கிட்டிருந்தா. கணேசன், செல்லக்கனி, கோழிக்கடை மாமா, அப்படியே. புத்தகத்துல இருக்குற ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

முப்பிடாதி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் குறும்பு இல்லை, பயம்தான் இருந்தது.

இடைவேளை விட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நிஷா சன்னல் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"நான் இப்ப என்ன சொன்னேன் டீச்சர்?"

வெயிலைப் பற்றி என்றேன்.

"உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். சண்முகவடிவு டீச்சர்னு. மூணு தடவ."

அவர் குரலில் கண்டிப்பு இருந்ததா, கனிவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் கனிவு இருந்தது.

ஜூலை 26, புதன்

காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 28, வெள்ளி

இவரிடம் சொன்னேன். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் வடிவு. மூணு வருசமாத் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னேன். உனக்குக் கேக்கல. கேட்டப்பல்லாம் சண்டைக்கு வந்த."

அவரே இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு மதி வேலையா இருக்கேன் என்று சொல்லவில்லையாம். வேலைய விட்டுட்டேன் என்று சொன்னாளாம். மேலாளரோடு தகராறு, அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா நல்லது, அப்புறமா பேசு என்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

கைப்பேசியில் அவளுக்கு எழுதினேன். எழுதுவது எனக்கு எளிது. அம்மாவுக்குக் காது கேக்கலடி, அன்னைக்கு நீ சொன்னது தப்பா விழுந்துருச்சு என்று எழுதினேன். பதில் வரச் சாயங்காலமாயிற்று. ரெண்டு வாரத்துல வாரேம்மா என்று மட்டும் போட்டிருந்தாள்.

நிஷாவிடமும் செய்தியில் கேட்டேன். காது கேட்காது என்று எழுதிக்கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று. சர்வீசில் இருக்கும்போது வந்த குறைக்காக யாரையும் வேலையைவிட்டு எடுக்க முடியாது, சட்டமே இருக்கிறது, பயப்படாதீங்க என்று பதில் போட்டார். நான் பயந்தது வேலைக்கு மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் இதுவரை எப்படி இருந்தேனோ அப்படியே, யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்றிருந்தது.

ஜூலை 31, திங்கள்

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி. சீட்டு வாங்கவே காலை போய்விட்டது. பெயர் கூப்பிடுவார்கள் என்பதால் இவர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பாதியில் வெளியே இருந்து பரிசோதித்த பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அம்மா, நான் சத்தமே குடுக்கலையே. எதுக்கு அமுக்குதீங்க? கேட்டா மட்டும் அமுக்குங்க. இது பாஸ் ஃபெயில் போடுற பரீட்சை இல்ல."

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை கேட்டதற்கு மட்டும் அமுக்கினேன். நெடுநேரம் விரல் சும்மாவே இருந்தது. அந்தப் பெட்டிக்குள் அப்படி விரலைச் சும்மா வைத்திருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மருத்துவர் கோடு போட்ட தாளைக் காட்டினார். இரண்டு கோடுகளும் சரிந்துகொண்டே போயின. மெல்லிய ஒலிகள் முதலில் போய்விடுமாம். ச, த, க இதெல்லாம் சரியாக விழாது, மூளை பழக்கத்தில் ஊகித்துக்கொள்ளும் என்றார். இரண்டு காதுக்கும் கருவி வைக்க வேண்டும்.

வரும்போது பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம். கால் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 2, புதன்

மெமோவுக்கு விளக்கம் கொடுத்தேன்.

கவனக்குறைவு என்று எழுதிவிடலாம் என்று காலைவரை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வரியில் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அடுத்த மாதம் மறுபடி முப்பிடாதி வந்து நிற்பாள். நான் மறுபடி உதட்டைப் பார்த்து ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். அதை நினைத்தபோது களைப்பாக இருந்தது. மறைப்பதற்குத் தினமும் எவ்வளவு வேலை செய்திருக்கிறேன். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, எப்போது சிரிக்க வேண்டும், எப்போது தலையாட்ட வேண்டும். இனி முடியாது.

உள்ளதை எழுதி, மருத்துவரின் தாளை இணைத்தேன்.

ஞானதுரை சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலாங்கிளாஸுக்கு வாற பிள்ளைகளுக்கு எழுத்து நல்லா இருக்கும், வாசிக்க வராது. எனக்கு ரெண்டு வருசமாவே தெரியும் டீச்சர். உங்ககிட்ட கேக்கச் சங்கடமா இருந்துச்சு. நாமளே சொல்லிக்குடுத்துருவோம்னு விட்டுட்டேன்."

அவரும் சேர்ந்துதான் விட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் படுவது?

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வட்டாரக் கூட்டம். மேல்நடவடிக்கை இல்லை என்று அலுவலர் சொல்லிவிட்டார். கருவி வரும்வரை என் பிள்ளைகளின் வாசிப்பை ஞானதுரை சார் கேட்க வேண்டும், அவருடைய பிள்ளைகளுக்கு நான் கணக்கு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. நிஷா எழுதிக்கொடுத்ததுதான். சரியான ஏற்பாடு.

ஆனால் விஷயம் எல்லோருக்கும் போய்விட்டது. இதுவரை சாதாரணமாகப் பேசியவர்கள் இன்று வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சாப்-பிட்-டீங்-களா என்றார்கள். இரண்டு பேர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. எதிரே இருந்தவர்களின் முகத்தில் தெரிந்தது.

சங்கடத்தில் வடையைச் சாப்பிடாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12, சனி

மதி வந்திருக்கிறாள். மெலிந்துபோயிருக்கிறாள். என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். விளங்காத இடத்தில் விளங்கல, திரும்பச் சொல்லு என்றேன். முதல் தடவை அப்படிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. திரும்பச் சொன்னாள். நான் நினைத்ததைவிட மோசமாகத்தான் நடந்திருக்கிறது. அந்த மேலாளர் நாலு பேர் முன்னால் அவளைக் கேவலமாகப் பேசியிருக்கிறான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கருவி மாட்டினார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்துபோகிறவர்களின் செருப்புச் சத்தம் முதலில் கேட்டது. என் சேலை உரசும் சத்தம். யாரோ தாளை மடித்த சத்தம் அறைந்ததுபோல் விழுந்தது. எல்லாம் தகரத்தைத் தேய்ப்பதுபோல இருக்கிறது, எது தேவை எது தேவையில்லை என்று பிரிக்க முடியவில்லை. பழகிக்கொள்ள மாதக்கணக்காகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கருவியோடு பள்ளிக்குப் போனேன். தறிகள் தலைக்குள் ஓடின. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு இத்தனை நாள் சரியாகக் காது கேட்கவில்லை என்று ஆரம்பித்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். கேலி இல்லை. சட்டையில் கறை இருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

தறிக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது தறிகள் நிற்கும். அந்த நேரத்தில் வாசிப்பு வைத்துக்கொள்ளலாமா என்று ஞானதுரை சாரிடம் கேட்டேன். சரி என்றார். நான் பிறகு சாப்பிட்டுக்கொள்வேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்று முப்பிடாதியின் முறை. தட்டைக் கழுவிவிட்டு வந்து ஈரக் கையோடு நின்றாள். வழக்கம்போல மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தாள். அதை வாங்கி வைத்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். முகம் சுருங்கியது.

"எப்ப இருந்துட்டி இப்படி?"

"ரெண்டாப்புல இருந்து."

அவள் குரல் இவ்வளவு கனமான குரல் என்று எனக்கு இதுவரை தெரியாது. சின்ன உடம்புக்குள் பெரிய பெண்ணின் குரல்.

"வாசிக்கத் தெரியலைன்னு என்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க நல்லா வாசிச்சன்னு சொன்னீங்கல்லா."

இனிமேல் நல்லா வாசிச்சால்தான் நல்லா வாசிச்ச என்று சொல்வேன் என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். விரலை வைத்து ஆரம்பித்தாள். "அம்மா" என்றாள். "ஆடு" என்றாள். "இலை" வந்தது, கொஞ்சம் தயங்கி "ஈட்டி" வந்தது. அடுத்த வரி நான்கு எழுத்துச் சொல். விரல் அதன் அடியில் போய் நின்றது. உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அவள் வாசிப்பு நின்றுபோனது. அது நின்றது எனக்குக் கேட்டது.

அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். சேர்த்துச் சொன்னாள். தப்பாகச் சொன்னாள், திருத்தினேன், திரும்பச் சொன்னாள். அதற்குள் பின்னால் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. கைப்பேசியை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போனேன். முப்பிடாதியும் கூடவே வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே அரும்பு என்று பதிந்தேன்.

"நாளைக்கும் நான்தானா டீச்சர்?" என்று கேட்டாள்.

தறிச் சத்தத்தில் பாதிதான் விழுந்தது. குனிந்து, "என்னட்டி? திரும்பச் சொல்லு" என்றேன். என் காதருகே வந்து, முன்னைவிட உரக்கச் சொன்னாள்.